கேஸ் கட்டிங் செட்: மாட்டுவது முதல் மூடுவது வரை

கேஸ் வாசம் அடித்தால் பட்டறையில் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். ஆக்சிஜன் கசிந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. "காத்துதானுங்க போகுது, போகட்டும்" என்ற நினைப்பு வேறு. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டும் இடங்கள், கரூர் பஸ் பாடி யூனிட்டுகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிப் பட்டறைகள், கோயமுத்தூர் பவுண்டரிகள் என்று கட்டிங் செட் இல்லாத இடம் கொங்கு நாட்டில் குறைவு. ஆக்சிஜனையும் கேஸையும் (அசிட்டிலீன் அல்லது எல்பிஜி) கலந்து எரித்து இரும்பை வெட்டும் சாமான் இது. இவ்வளவு பழகிய சாமானில் விபத்து நடப்பதற்குப் பாதிக் காரணம் ஆக்சிஜனைக் காற்று என்று நினைப்பதுதான்.

ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறி பிடிக்க வைக்கும். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். 24-ஐத் தாண்டினாலே சட்டை, தலைமுடி, கையுறை எல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளும், தட்டி அணைக்கவும் முடியாது. 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றும். (பட்டறையில் அழுத்தத்தைக் "கிலோ" என்றே சொல்கிறோம். இங்கேயும் அதே கணக்கு. ஒரு கிலோ என்றால் ஏறத்தாழ ஒரு பார், 14 பி.எஸ்.ஐ.)

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில்தான் எல்லாப் பட்டறையிலும் கை துடைக்கிறோம். கிரீஸ் துடைத்த அதே துணியால் ஆக்சிஜன் ரெகுலேட்டரின் வாயைத் துடைத்து மாட்டுவதை அன்றாடம் பார்க்கலாம். மறை (நட்டின் திருகு) இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. இரண்டும் கூடவே கூடாது. கட்டிங் செட்டுக்கென்று துவைத்த வெள்ளைத் துணி ஒன்றைத் தனியாக ஒரு பையில் போட்டுத் தள்ளுவண்டியிலேயே தொங்க விடுங்கள். ரிக் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்த் துளி கலந்துதான் வரும். ஆக்சிஜன் ஹோஸில் தூசி இருக்கிறது என்று கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் செய்தால், ஹோஸின் உட்புறம் முழுக்க எண்ணெய் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆக்சிஜன் ரெகுலேட்டரைக் கம்ப்ரஸருக்கு மாட்டி எடுத்து, பிறகு ஆக்சிஜனுக்கே திருப்பி மாட்டுவதும் அதே தப்புதான்.

சிலிண்டர்கள்

தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டர் முழுக்கக் கறுப்பு. தோள் பகுதி வெள்ளையாக இருந்தால் அது ஆஸ்பத்திரி ஆக்சிஜன். வழக்கமான பெரிய சிலிண்டர் 46.7 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 150 கிலோவுக்கு நிரப்பினால் 7 கன மீட்டர் வாயு. கேஜில் 75 காட்டினால் பாதி இருக்கிறது என்று நேராகக் கணக்கிடலாம். 12 மி.மீ. தகடு தொடர்ந்து வெட்டினால் ஒரு சிலிண்டர் சுமார் மூன்று மணி நேரம் வரும். அதைவிட ரொம்பச் சீக்கிரம் தீர்ந்தால் எங்கோ கசிகிறது, அல்லது நாசில் (சுடர் வரும் முனை) பெரிது. வாங்கும்போது தோளில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அசிட்டிலீன், அதாவது டி.ஏ. சிலிண்டர், மெரூன் நிறம். இதன் உள்ளே வெற்றிடம் கிடையாது. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் ஊற வைத்து, சோடாவில் கேஸ் கரைந்திருப்பது போல அசிட்டிலீனை அதில் கரைத்திருக்கிறார்கள். அசிட்டிலீனுக்குத் தனியாக அழுத்தம் தாங்காது. 1 கிலோவுக்கு மேல் போனால் ஆக்சிஜனே இல்லாமலும் தானாகச் சிதைந்து வெடிக்கக் கூடிய வாயு அது. ஆகவே டி.ஏ. ரெகுலேட்டரில் வேலை அழுத்தம் எக்காரணம் கொண்டும் 1 கிலோவைத் தாண்டக் கூடாது; கேஜில் அங்கே சிவப்புக் கோடு இருப்பதன் காரணம் இதுதான். படுக்க வைத்த சிலிண்டரை உடனே திறந்தால் அசிட்டோன் வெளியே வந்து ரெகுலேட்டரையும் ஹோஸையும் கெடுக்கும், சுடரும் துப்பும். படுத்துக் கிடந்திருந்தால் நிமிர்த்தி, குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். வேகமாக இழுத்தாலும் இதே கதைதான். மணிக்கு மொத்தக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு என்பது மேல் வரம்பு. நீண்ட நேரம் தொடர்ந்து ஓடினால் அதற்கும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சேசிஸை நிமிர்த்த ஹீட்டிங் நாசில் போடும்போது ஒரு சிலிண்டர் போதாது, இரண்டு மூன்றை மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும்.

எல்பிஜி என்றால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைப் பட்டறையில் வைப்பது சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, வீட்டு ரெகுலேட்டர் தருகிற அழுத்தம் அடுப்புக்குத்தான் போதும், டார்ச்சுக்கு (நாசில் மாட்டிக் கையில் பிடிக்கும் வெட்டுக் கருவி) போதாது. போதவில்லை என்று ரெகுலேட்டரே இல்லாமல் நேராக ஹோஸை மாட்டும் "ஐடியா" அங்கிருந்துதான் பிறக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி, சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டி இவற்றின் பக்கத்தில் எல்பிஜி சிலிண்டரை நிறுத்தாதீர்கள்.

வெட்டுவதற்கு மட்டும் என்றால் எல்பிஜி போதும், செலவும் குறைவு. ஆனால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், சூடேற நேரமும் பிடிக்கும். இரும்பை உருக்கிக் கேஸ் வெல்டிங் செய்ய எல்பிஜி உதவாது. சுடரின் வெப்பம் குவியாது, உருகிய குழம்பும் ஆக்சிஜன் பட்டு நுரைக்கும். வெல்டிங்குக்கு டி.ஏ.தான். பித்தளை ராடு வைத்துப் பிரேஸிங் செய்ய இரண்டும் சரி.

எந்தச் சிலிண்டராக இருந்தாலும் நிமிர்த்தி, சங்கிலியால் தள்ளுவண்டியிலோ சுவரிலோ கட்டியிருக்க வேண்டும். கயிறு வேண்டாம், எரிந்துவிடும். நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால் 150 கிலோ அழுத்தம் அதைச் செங்கல் சுவர் வழியாகக்கூடத் தள்ளிக்கொண்டு போகும். உபயோகத்தில் இல்லாத ஆக்சிஜனையும் கேஸையும் பக்கம் பக்கமாக அடுக்காதீர்கள். நடுவே 6 மீட்டர் இடைவெளியோ ஒன்றரை மீட்டர் உயரச் செங்கல் சுவரோ வேண்டும்.

மாட்டுவது

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். ஆக்சிஜன் வால்வின் வாய் ஆட்கள் இல்லாத பக்கம் பார்க்குமாறு திருப்பி, ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள். வாயில் சேர்ந்த தூசியும் மண்ணும் பறந்துவிடும். அந்த மண் ரெகுலேட்டருக்குள் போனால் உள்ளே வால்வு உட்காரும் இடத்தைக் கீறும். ஆக்சிஜன் வேகத்தில் மோதிப் பொறியும் கிளப்பும். டி.ஏ., எல்பிஜி வால்வுகளையும் இதேபோல் செய்யலாம், ஆனால் வெளியே, அக்கம்பக்கம் நெருப்பு இல்லாத இடத்தில்.

ஆக்சிஜன் மறை வலதுபுறம் திருப்பினால் இறுகும், கேஸ் மறை இடதுபுறம். கேஸ் நட்டின் முனைகளில் வெட்டுக் குறி இருக்கும், கையால் தடவினாலே தெரியும். ஆக்சிஜன் ஹோஸ் நீலம், கேஸ் ஹோஸ் சிவப்பு. நட்டைக் கையால் ஓட்டிப் பிறகு சரியான ஸ்பேனரால் இறுக்குங்கள். இடுக்கி, பைப் ரிஞ்ச் வேண்டாம். இந்த இணைப்புகள் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கும்படி செய்தவை. டெஃப்லான் டேப் சுற்றினால் அந்த உட்காருமிடம் கெட்டுப்போகும், கிழிந்த டேப் துண்டு உள்ளேயும் போகும். டேப் சுற்றினால்தான் கசிவு நிற்கிறது என்றால் அந்த நட்டையோ நிப்பிளையோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஹோஸ் நுனிகளைக் கட்டுக் கம்பியால் முறுக்குவது எங்கும் காணும் வழக்கம். கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டே போகும். அழுத்திய ஃபெரூலோ (உலோக வளையம்) நல்ல கிளாம்போ போடுங்கள். அறுந்த ஹோஸை ஒட்ட ஃபிரிட்ஜ் செம்புக் குழாய்த் துண்டைச் செருகுவது அதைவிட மோசம். அசிட்டிலீன் செம்பைத் தொட்டால் செம்பு அசிட்டிலைடு என்ற பொருள் உண்டாகும். காய்ந்த நிலையில் அதை உரசினாலே வெடிக்கும். ஒட்டுவதற்கென்றே பித்தளை இணைப்பான் கிடைக்கிறது. ஒரு ஹோஸில் மூன்று ஒட்டு வந்துவிட்டால் புது ஹோஸ் வாங்கிவிடுவதே லாபம்.

பின்னோக்கி வரும் நெருப்பை நிறுத்தும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் ரெகுலேட்டர் பக்கம் இரண்டுக்கும் இருக்க வேண்டும், டார்ச் பக்கம் நான் ரிட்டர்ன் வால்வு. இரண்டும் ஒன்றல்ல. நான் ரிட்டர்ன் வால்வு வாயு பின்னோக்கி வருவதை மட்டும் தடுக்கும், பின்னோக்கி வரும் நெருப்பை அது நிறுத்தாது. "வால்வு இருக்குதுங்க, அரெஸ்டர் எதுக்கு" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அரெஸ்டரின் மேல் அம்புக்குறி வாயு போகும் திசையைக் காட்டும். ஆக்சிஜனுக்கும் அரெஸ்டர் போடுங்கள். பலர் கேஸுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

திறப்பது, கசிவு பார்ப்பது

சிலிண்டரைத் திறப்பதற்கு முன் ரெகுலேட்டர் திருகை இடதுபுறமாகத் திருப்பித் தளர்த்தி விடுங்கள், கையில் ஆடும் வரை. டார்ச்சின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும். ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஆக்சிஜன் வால்வை மெதுவாகத் திறங்கள். கேஜ் முள் மெல்ல ஏற வேண்டும், துள்ளக் கூடாது. சட்டென்று திறந்தால் 150 கிலோ வாயு சின்ன இடத்தில் நொடியில் அமுங்கி, அந்த அமுக்கத்தாலேயே பல நூறு டிகிரிக்குச் சூடேறும். உள்ளே ஒரு துளி எண்ணெய் இருந்தால் ரெகுலேட்டர் எரிந்து முன்பக்கம் தெறிக்கும். நேர் எதிரே நிற்காதே என்பது இதற்காகத்தான். முள் நின்ற பிறகு ஆக்சிஜன் வால்வை முழுக்கத் திறங்கள். பாதியில் நிறுத்தினால் தண்டு வழியாகக் கசியும். டி.ஏ. வால்வை முக்கால் சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. சாவி வால்விலேயே இருக்கட்டும், ஆபத்து நேரத்தில் தேடக் கூடாது.

கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர். எண்ணெய் கலந்த சோப்பு ஆக்சிஜன் பக்கம் ஆகாது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டைத் தண்ணீரில் கலந்தால் போதும். சிலிண்டர் வால்வின் தண்டு, ரெகுலேட்டர் நட்டு, ஹோஸ் முனைகள், டார்ச் இணைப்பு எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கிய பிறகே இறுக்க வேண்டும். ஹோஸை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவரைப் பட்டறையை விட்டு அனுப்பிவிடுவது நல்லது. இன்னொரு சோதனை: அழுத்தம் ஏற்றிவிட்டு சிலிண்டர் வால்வுகளை மூடி ஐந்து நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது.

நாசிலும் அழுத்தமும்

டி.ஏ. நாசில் வேறு, எல்பிஜி நாசில் வேறு. கடையில் ஏ.என்.எம்., பி.என்.எம். என்று கேட்டு வாங்குங்கள். முதலாவது அசிட்டிலீனுக்கு, பெரும்பாலும் ஒரே துண்டு. இரண்டாவது எல்பிஜிக்கு, இரண்டு துண்டு. உள் துண்டில் பற்கள் வெட்டியிருக்கும். டி.ஏ. நாசிலில் எல்பிஜி விட்டால் சுடர் நாசிலை விட்டுப் பறந்துகொண்டே இருக்கும்.

ஏ.என்.எம். நாசிலுக்குச் சுமாரான கணக்கு: 6 மி.மீ. தகடு என்றால் 1/32 நாசில், ஆக்சிஜன் 1.8 கிலோ. 12 மி.மீ.க்கு 3/64 நாசில், 2.1 கிலோ. 25 மி.மீ.க்கு 1/16 நாசில், 2.8 கிலோ. கேஸ் எல்லாவற்றுக்கும் 0.15 முதல் 0.2 கிலோ போதும். எல்பிஜியும் ஏறத்தாழ இதே வரிசைதான். உங்கள் நாசிலோடு வரும் அட்டையில் வேறு எண் இருந்தால் அட்டை சொல்வதே சரி. ஆக்சிஜன் அழுத்தத்தை டார்ச்சில் கட்டிங் லிவரை (வெட்டும் ஆக்சிஜனைத் திறக்கும் பிடி) அமுக்கிப் பிடித்து, வாயு ஓடும்போது வையுங்கள். ஓடாமல் வைத்தால் வேலை நேரத்தில் முள் அரைக் கிலோ இறங்கிவிடும். "பிரஷர் ஏத்துனா வேகமா வெட்டும்" என்று 5, 6 கிலோ வைப்பது நம் ஊர்ப் பழக்கம். வெட்டு அகலமாகும், கீழ்ப்பக்கம் கிண்ணம் போல விரியும், ஆக்சிஜன் பில் ஏறும், வேகம் மட்டும் ஏறாது.

நாசில் துளையைச் சுத்தம் செய்ய அதற்கான ஊசிச் செட் இருக்கிறது. வெல்டிங் ராடு நுனியையோ ஆணியையோ விட்டுக் குடைந்தால் துளை வாய் அகன்று, வெட்டு கோணலாகப் போகும்.

பற்ற வைப்பது

கண்ணுக்கு 5-ஆம் நம்பர் கண்ணாடி, தோல் கையுறை, தோல் ஏப்ரன், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய பூட்ஸ். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் பொறி உள்ளே போய் உட்காரும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். லுங்கியும் ஹவாய்ச் செருப்பும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் லைட்டர் வைத்திருந்தால் எடுத்துத் தூர வைத்துவிடுங்கள்.

பற்ற வைக்கும் முன் இரண்டு ஹோஸையும் தனித்தனியாக வெளியேற்ற வேண்டும். ஆக்சிஜன் வால்வைத் திறந்து ஐந்து நொடி, மூடுங்கள். பிறகு கேஸ் ஐந்து நொடி, மூடுங்கள். ஹோஸ் 15 மீட்டருக்கு மேல் என்றால் பத்து நொடிக்கு மேல் விடுங்கள். இரவு முழுக்க நின்ற ஹோஸில் ஒன்றின் வாயு மற்றதுக்குள் நுழைந்திருக்கலாம். அந்தக் கலவையோடு பற்ற வைத்தால் ஹோஸே வெடிகுண்டு. காலையில் முதல் தடவை பற்ற வைக்கும்போதும், சிலிண்டர் மாற்றிய பிறகும் இதைத் தவிர்க்கவே கூடாது. மூடிய அறையில் செய்யாமல் காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள்.

கேஸ் வால்வை மட்டும் கால் சுற்று திறந்து, கல் லைட்டரால் பற்ற வையுங்கள். டி.ஏ. என்றால் கறுப்புச் சுருள் புகையோடு மஞ்சளாக எரியும். புகை நிற்கும் வரை கேஸைக் கூட்டுங்கள். அதன்பின் ஆக்சிஜனை மெல்லத் திறக்கும்போது சுடருக்குள் மூன்று பகுதி தெரியும்: நாசில் முனையில் வெள்ளைக் கூம்பு, அதைச் சுற்றி இறகு போல ஒரு வெளிர் பகுதி, வெளியே நீலம். ஆக்சிஜன் கூடக் கூட இறகு சுருங்கும். இறகு கூம்புக்குள் மறைந்த அந்த நொடியில் நிறுத்தினால் சமச் சுடர். இப்போது கட்டிங் லிவரை அமுக்குங்கள். அழுத்தம் சற்றுக் குறைவதால் இறகு மறுபடி எட்டிப் பார்க்கும். லிவரை அமுக்கியபடியே ஆக்சிஜனைத் துளி கூட்டி அதை மறைய வையுங்கள். இந்தக் கடைசித் திருத்தத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்பிஜியில் இறகு இப்படித் தெளிவாகத் தெரியாது. கூம்புகள் குட்டையாகவும் கூர்மையாகவும் ஆகி, சீறும் சத்தம் வரும் இடமே சரியான இடம்.

வெட்டு

கேஸ் கட்டிங் என்பது உருக்குவது கிடையாது, எரிப்பது. இரும்பு சுமார் 900 டிகிரியில், செஞ்சிவப்பாக இருக்கும்போதே, தூய ஆக்சிஜனில் எரியத் தொடங்கும். உண்டாகும் ஆக்சைடு இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி ஓடிவிடும். இந்த இரண்டும் பொருந்தும் உலோகம்தான் வெட்டுப்படும். வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம் வெட்டுப்படாது. மோட்டார் பம்பு கேஸிங்கைக் கேஸில் அறுக்கப் பார்த்தால் உருகிச் சிதறி அசிங்கமாகும், அவ்வளவுதான்.

விளிம்பிலிருந்து தொடங்குங்கள். கூம்பு முனை தகட்டுக்கு 3 மி.மீ. மேலே. ஓரம் செஞ்சிவப்பானதும் லிவரை மெதுவாக அமுக்கி நகருங்கள். பொறி நேராகக் கீழே பாய வேண்டும். மேலே எகிறினால் வேகம் அதிகம், தகட்டைத் துளைக்கவில்லை. மேல் விளிம்பு உருகி உருண்டால் வேகம் போதவில்லை. நடுவில் துளை போடும்போது சூடேறியதும் நாசிலை 12 மி.மீ. உயர்த்தி, சற்றுச் சாய்த்து லிவரை மெல்லத் திறங்கள். நேராகப் பிடித்து முழுக்க அமுக்கினால் உருகிய கசடு நாசிலுக்குள் ஏறும்.

தகட்டைச் சிமெண்ட் தரை மேல் நேராக வைத்து வெட்ட வேண்டாம். கான்கிரீட்டில் இருக்கும் ஈரம் ஆவியாகி, சில்லுகள் துப்பாக்கி ரவை போலத் தெறிக்கும். ஹோஸ் எப்போதும் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வெட்டு விழும் பக்கம் வேண்டாம்.

டப்பு, சீறல்

நாசிலில் "டப்" என்று வெடித்துச் சுடர் அணைவது பேக்ஃபயர். நாசில் தகட்டைத் தொட்டிருக்கும், சூடேறியிருக்கும், தளர்ந்திருக்கும், துளை அடைத்திருக்கும், அல்லது அழுத்தம் குறைவு. இந்த ஐந்தில் ஒன்றுதான். வால்வுகளை மூடி, நாசிலை ஆற விட்டு, காரணத்தைச் சரிசெய்த பிறகு மறுபடி பற்ற வையுங்கள்.

சுடர் உள்ளே போய், விசில் போலச் சீறி, கறுப்புப் புகை வந்தால் அது வேறு. நெருப்பு டார்ச்சுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. உடனே டார்ச்சின் ஆக்சிஜன் வால்வை மூடுங்கள், அடுத்து கேஸ், பிறகு இரண்டு சிலிண்டர். இங்கே ஆக்சிஜன்தான் முதலில். உள்ளே எரிவதற்கு அதுதான் உயிர். அந்த ஹோஸையும் அரெஸ்டரையும் சோதிக்காமல் மறுபடி உபயோகிக்காதீர்கள். ஹோஸுக்குள் கரி படிந்திருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். பிறகு டி.ஏ. சிலிண்டரின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே அசிட்டிலீன் சிதைந்துகொண்டிருக்கிறது. வால்வு மூடியிருந்தாலும் அது நிற்காது. அதை நகர்த்தக் கூடாது. எல்லாரையும் வெளியேற்றி, 101-க்கோ 112-க்கோ சொல்லி, தூரத்திலிருந்து, மறைவில் நின்று தண்ணீர் அடிக்க வேண்டும், மணிக்கணக்கில்.

டார்ச் வைக்கக் கூடாத இடங்கள்

லாரி ஊரில் முதலில் சொல்ல வேண்டியது டயர். துருப்பிடித்த வீல் நட்டைச் சூடு காட்டிக் கழற்றும்போது டிஸ்க்கின் சூடு உள்ளே இருக்கும் ரப்பரைச் சிதைத்து, எரியும் வாயுவை உண்டாக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் அந்த வாயு உள்ளேயே சேரும். டார்ச்சை எடுத்துவிட்டுப் போன பிறகும் வெடிக்கலாம். ரிம்மிலிருந்து டயரையே கழற்றாமல் வீலில் சூடு காட்ட வேண்டாம். ஸ்பிரிங் பிரேக் சேம்பர், ஷாக் அப்சார்பர் இரண்டும் இதே பட்டியலில்.

டீசல் பேரல், எண்ணெய் டின், டேங்கர். காலியாக இருப்பதுதான் ஆபத்து, திரவம் போய் ஆவி மட்டும் நிற்கும். மூடியைத் திறந்து வைத்தால் போதும் என்பது பொய். நீராவியால் கழுவி, வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, ஆவி போக வழி வைத்துத்தான் செய்ய வேண்டும். டேங்கர் வேலையை வாயு அளந்து சான்று தருகிறவர் வராமல் தொடாதீர்கள்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு, பைப் வெட்டும்போது வெள்ளைப் புகை வரும். துத்தநாகப் புகை அது. அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். காற்றோட்டமும் முகக் கவசமும்தான் தீர்வு, முடிந்தால் வெட்டும் இடத்தின் பூச்சை முதலில் நீக்கிவிடுங்கள்.

தொட்டி, பஸ் கேபின் போன்ற அடைப்பான இடத்தில் டார்ச்சைப் போட்டுவிட்டு டீக்குப் போகக் கூடாது. வால்வு துளி கசிந்தாலும் திரும்பி வரும்போது உள்ளே ஆக்சிஜன் நிறைந்திருக்கும், முதல் பொறியில் சட்டை பற்றும். டார்ச்சை வெளியே எடுத்து, சிலிண்டரை மூடிவிட்டுப் போங்கள். வேர்க்கிறது என்று ஆக்சிஜனைச் சட்டைக்குள் விடுவதும், அதை அடித்துத் தூசி தட்டுவதும் இதே மரணம்தான். துணியில் ஊறிய ஆக்சிஜன் போகப் பதினைந்து நிமிடம் வெளிக்காற்று வேண்டும்.

பொறியும் காற்றும்

வெட்டுப் பொறி 10 மீட்டர் தாண்டியும் உருண்டு ஓடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வரை அடிக்கும் ஆடி மாதத்தில் அதன் தூரத்தைக் கணக்கிட முடியாது. தோட்டத்தில் போர் குழாய் வெட்டும்போது சோளத்தட்டுப் போரும் ஓலைக் கொட்டகையும் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தகட்டால் மறைப்புக் கட்டுங்கள். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துக் கயிறு மில்லில் நார்க்கழிவுக் குவியல் இன்னும் மோசம். மேலே எதுவும் தெரியாமல் உள்ளே மணிக்கணக்கில் கனன்று ராத்திரி பற்றும். நூல் மில்லில் பஞ்சுத் தூசியும் அப்படித்தான். சுற்றிலும் தண்ணீர் தெளித்து, டி.சி.பி. (உலர் தூள்) தீயணைப்பானும் இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

மூடுவது

வேலை முடிந்து டார்ச்சை அணைக்க, கேஸ் வால்வை முதலில் மூடுங்கள், பிறகு ஆக்சிஜன். சுடர் உடனே நிற்கும், கரி படியாது. கேஸ் வால்வு கசிந்தால் நுனியில் சின்னச் சுடர் தொடர்ந்து எரிந்து காட்டிக்கொடுக்கும். சில டார்ச்சுகளின் கையேடு ஆக்சிஜனை முதலில் மூடச் சொல்லும், அங்கே கையேட்டைப் பின்பற்றுங்கள். சிலிண்டர்களை மூடி, டார்ச் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஹோஸில் மிச்சமிருப்பதை வெளியேற்றி, கேஜ் முள் பூஜ்யம் வந்ததும் ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திவிடுங்கள். அழுத்தத்தோடு இரவு முழுக்க நின்றால் டயாபிரம் கெடும்.

ஆக்சிஜனை முழுக்கக் காலி செய்ய வேண்டாம், 2 கிலோவாவது மிச்சம் வையுங்கள். அழுத்தம் பூஜ்யமானால் வெளிக்காற்றும் ஈரமும், சமயத்தில் கேஸும்கூட உள்ளே வரும். தொப்பி மூடி, சாக்பீஸால் "காலி" என்று எழுதி, நிரம்பியவற்றிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். ஏஜென்சிக்குக் கொண்டுபோகும்போது திறந்த வண்டியில், நிமிர்த்திக் கட்டி. மொபெட்டின் கால் வைக்கும் இடத்தில் சிலிண்டரைக் குறுக்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள்.